குறட்டைக்குச் சம்மதம்

ஜூன் 2, ஞாயிறு

கல்யாணம் ஆகி ஒரு வாரம். இந்த ஒரு வாரமும் டைரியைத் திறக்கவில்லை. நாற்பத்தாறு வயதுவரை ஒன்றும் நடக்காத நாளில்கூட எழுதியவன், நடந்தபோது எழுதாமல் இருந்துவிட்டேன்.

அப்பா படுக்கையில் கிடந்த வருடங்களில் எனக்குப் பெண் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அவர் போன பிறகு தேடியபோது, தபால் ஆபீஸ் கிளார்க்காக இருந்தும் பெண் கிடைக்கவில்லை. சாந்தாமணியைப் பற்றி கூடப்பிறந்த வள்ளியக்காதான் சொன்னாள். நாற்பது வயது. சொந்தமாக வேன் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். சின்ன வயதில் ஒரு கல்யாணமாகி, சீக்கிரமே முறிந்தது. திருமூர்த்திமலைக் கோயிலில் பார்த்துக்கொண்டோம். பெரியவர்கள் அர்ச்சனைத் தட்டு வாங்கப் போன சமயம், சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. நான் தூங்கறப்ப கொறட்டை விடுவேன். கொஞ்சநஞ்சமில்லீங்க. மொதக் கல்யாணம் முறிஞ்சதே அதுலதான். அவிய வேற என்னென்னமோ சொன்னாங்க, ஆனா ஆரம்பம் அதுதான். யோசிச்சுச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒரு விசயமுங்களா?" என்றேன்.

யோசிக்கவே இல்லை. தன்னைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. பேசிய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், பேசிய விஷயத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

இப்போது கவனிக்கிறேன். மாவை வழித்தெடுத்த பிறகு கிரைண்டரை அணைக்க மறந்தால் வெறும் கல் சுற்றுமே, அந்தச் சத்தம். குறையாக எழுதவில்லை. பதிவுக்காக எழுதுகிறேன்.

ஜூன் 5, புதன்

காற்றுக்காலம் ஆரம்பித்துவிட்டது. மருந்துக்கடையில் காதுக்குப் பஞ்சு வாங்கினேன். காற்றுக்காகத்தான்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. சாந்தாமணி விடியும் முன்பே எழுந்து, இட்லி ஊற்றிவைத்து, வேனுக்குப் போய்விட்டாள். பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தாள். குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று பார்த்தாள். பழைய செய்தித்தாளை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, எங்கள் சந்திலிருந்து வேனைப் பின்னாலேயே எடுத்தாள். அந்தச் சந்தில் நான் ஸ்கூட்டரைத் திருப்பவே இறங்கித் தள்ளுவேன். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் எதிர்வீட்டுக்காரரின் காம்பவுண்டுச் சுவர். இரண்டுக்கும் நடுவே, ஊசியில் நூல் கோத்த மாதிரி போய்விட்டாள்.

மூலையில் பாப்பாத்தியக்கா ஏறிக்கொண்டாள். பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குகிறவள் அவள். "புது மாப்ள என்ன சாப்பிட்டாரு?" என்று அவள் கத்திக் கேட்டது எனக்கே கேட்டது. சாந்தாமணி சொன்ன பதில் கேட்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தது மட்டும் கேட்டது.

ஜூன் 14, வெள்ளி

வீட்டுச் சாவியை ஆபீஸில் விட்டுவிட்டு வந்தேன். ஆபீஸ் பீரோ சாவி வீட்டில் பருப்பு டப்பாவுக்குள் இருந்தது. எப்படிப் போனதென்று தெரியவில்லை.

இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 23, ஞாயிறு

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலைநிமிராமல் கேட்டாள்.

"காதுல பஞ்சு வெச்சுட்டுப் படுக்கறீங்களா?"

"காத்துக்கு" என்றேன்.

"ஜன்னலையெல்லாம் சாத்தித்தானுங்க படுக்கறோம்."

ராத்திரி அவள் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். அங்கே அப்பாவின் இரும்புக் கட்டில் கிடக்கிறது. வேண்டாம் என்றேன். "நீங்க ஆபீசுக்குப் போயிக் கணக்குப் பாக்கறவரு, தூங்கோணுமுங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ஜூன் 24, திங்கள்

கட்டையைப் போட்ட மாதிரி தூங்கினேன். எழுந்தபோது சாந்தாமணி காபியோடு நின்றாள். "நல்லாத் தூங்குனீங்களா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் தாய்க்கு வருவதுபோல.

அந்த முகம் நாள் முழுக்க என்னை வேலை செய்ய விடவில்லை. அவளுக்கு இது பழக்கம்போல. ஒரு வீட்டில் சத்தமாகிவிட்டால் தலையணையோடு எழுந்து போய்விடுவது.

சாயங்காலம் வந்ததும் அப்பாவின் கட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். ஒரு கால் ஆட்டம் கொடுக்கிறது, யாராவது விழுந்துவிடுவார்கள்.

வந்து வெறும் தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ராத்திரி தலையணை பழைய இடத்தில் இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

வள்ளியக்கா தாராபுரத்திலிருந்து நேற்று வந்து தங்கினாள். காலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டா தம்பி, எப்பிட்றா படுக்கறே? கதவச் சாத்தியும் ஹாலு வரைக்கும் ரைஸ்மில் ஓடற மாதிரி கேக்குது. சொல்லியிருந்தா நான் பஸ்ஸுக்கே போயிருப்பேனே!"

அடுப்படியில் சாந்தாமணி இருந்தாள். கேட்காமல் இருக்காது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் காபியோடு வந்து அக்காவிடம் நீட்டினாள்.

"தூக்கங் கெட்டுப்போச்சுங்களா நங்கையா? மத்தியானம் நம்ம ரூம்ல கட்டில்ல படுத்துக்கங்க. நான் வேனைக் கழுவிட்டு வெளியவே இருக்கறேன்." பிறகு சிரித்தாள். "ரைஸ்மில்லுன்னா நீங்கதானுங்க மொத ஆளு. இதுக்கு முன்னால எல்லாரும் புலின்னுதான் சொல்லியிருக்காங்க."

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னால் அப்படி நிற்க முடியாது. என்னை யாராவது ஒரு சொல் சொன்னால் ஒரு மாதம் டைரியில் எழுதுவேன்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது அக்கா குரலைத் தாழ்த்தினாள். "வெளையாட்டுக்குச் சொல்லலடா. நடுவுல நின்னு நின்னு போகுது. செத்த நேரம் மூச்சே இல்ல. நான் பயந்து எந்திரிச்சு உக்காந்துட்டேன். அப்பறம் தண்ணில இருந்து மேல வந்தவளாட்டம் ஒரு இழுப்பு. நீ கவனிச்சிருக்கியா?"

கவனித்திருக்கிறேன். அந்த நிசப்தம் வரும்போதெல்லாம் அப்பாடா என்று கண்ணை மூடியிருக்கிறேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "கொறட்டைக்கு எந்த டாக்டருங்க? சிரிப்பாங்க" என்றாள். மாலையில் வேனிலிருந்து இறங்கியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அப்படியே தூங்கிவிட்டாள். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். இன்று வெயிலே இல்லை.

ஜூலை 18, வியாழன்

நான் ஆபீஸிலிருந்து வந்தபோது சாந்தாமணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வேன் சாவியை என் கையில் கொடுத்தாள். "எனக்கு எட்டாத எடத்துல வையுங்க" என்றாள்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். ரயில் போய், கேட் திறந்து, பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்திருக்கின்றன. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்டியரிங்கில் தலை சாய்ந்திருந்தது. பாப்பாத்தியக்கா வந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண் விழித்திருக்கிறாள்.

"ஒண்ணும் ஆகலையே" என்றேன்.

"கேட்டு சாத்தியிருந்துச்சு, அதனால ஆகல" என்றாள். "தொறந்திருந்தா?"

சாவியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

"பாப்பாத்தியக்கா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுது. பாவம், நல்ல மனசு. ஆனா எனக்குத் தெரியுமில்லீங்க?"

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, டீ குடித்துவிட்டு, மறுநாள் இன்னும் கவனமாக ஓட்டியிருப்பேன். அவளுக்கு அந்த எண்ணமே வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

பஸ் ஓட்டி ரிட்டயரான ஆறுமுகண்ணன் இப்போதைக்கு வேனை ஓட்ட ஒப்புக்கொண்டார். சாந்தாமணி ஜன்னலருகே நின்று அவர் சந்தில் பின்னால் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் லேசாக உரசினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

ஆள் மாற்றியாகிவிட்டதே, இனி பெற்றோர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "அவிய புள்ளைங்கதானுங்களே, அவியளுக்குத் தெரியோணும்" என்றாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து வீடுவீடாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைகள். வண்டி நின்றிருந்தபோது தூங்கிவிட்டேன், உடம்பைப் பார்க்கப் போகிறேன், சரியாகிற வரை ஓட்ட மாட்டேன், அதுவரை ஆறுமுகண்ணன் ஓட்டுவார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் கதவை முழுதாகத் திறக்காமலே கேட்டார்கள். ஓர் அம்மா, "கல்யாணமாகி ரெண்டு மாசம்தானே ஆச்சு, அதான் தூக்கமில்லயாட்ட இருக்குது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவர்கள் வீட்டுச் செம்பருத்தியைப் பார்த்தேன்.

மளிகைக்கடை துரைசாமி மட்டும் கத்தினார். அவருக்கு ஒரே பெண்.

"தூங்கறவளுக்கு எதுக்கு ஸ்டியரிங்கு? இனி என்ற புள்ளைய உன்ற வண்டில உடமாட்டேன்!"

"உடாதீங்க. அதைச் சொல்லத்தானுங்க வந்தேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றாமலே படுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் போய் ரசம் வைத்தேன். புளி கூடிப்போயிற்று. குறை சொல்லாமல் குடித்தாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஊரெல்லாம் ஆற்றுக்குப் போக, நாங்கள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நேற்று இரவு அவளை அங்கேயே படுக்கவைத்து, தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். காலையில் பெண் டாக்டர் எங்கள் இருவரையும் அழைத்தார்.

முதலில் என்னிடம் கேட்டார். மூச்சு எப்படி நிற்கிறது, மல்லாந்தால் அதிகமா, ஒருக்களித்தால் அதிகமா, விடியற்காலையில் கூடுமா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சாந்தாமணி திரும்பி என்னைப் பார்த்தாள். நன்றாகத் தூங்குவதாகத்தான் அவளிடம் இத்தனை நாளும் சொல்லியிருந்தேன்.

தூங்கும்போது அவளுக்குத் தொண்டை மூடிக்கொள்கிறது என்றார் டாக்டர். மூச்சுக்குத் திணறி உடம்பு இரவெல்லாம் விழித்துவிழித்துப் படுக்கிறது. படுத்திருந்த நேரமெல்லாம் தூக்கம் என்று நினைத்திருக்கிறாள், அது தூக்கமே இல்லை. "அதனாலதான் பகல்ல கண்ணு சொக்குது. இது நோய். உங்க தப்பு இல்லம்மா. சரி பண்ணிடலாம்."

அக்கா சொன்னபோது சிரித்தாள். துரைசாமி கத்தியபோது நிமிர்ந்து நின்றாள். உங்கள் தப்பு இல்லை என்று ஒருவர் சொன்னதும் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு விம்மி அழுதாள்.

"இத்தன வருசத்துல யாருமே நோயின்னு சொல்லலீங்களே. பொம்பள மாதிரியா தூங்கறேன்னுதானுங்க கேட்டாங்க."

டாக்டர் காத்திருந்தார். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது அவள் கையையும் பிடித்துக்கொண்டேன். கூட்டம் அதிகம், விழுந்துவிடக் கூடாது. இரண்டு பேருக்கும் சீட் கிடைத்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மெஷின் வந்தது. டிபன் டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடுகிற கவசம். தூங்கும்போது காற்றை உள்ளே தள்ளித் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்குமாம். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"யான மாதிரி இருக்கறனுங்களா?"

"எனக்கு யானை பிடிக்கும்" என்றேன். சரியான பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனால் சிரித்தாள். சிரித்ததில் கவசம் விலகி, காற்று புஸ்ஸென்று வெளியே போயிற்று.

ஆகஸ்ட் 12, திங்கள்

அவள் தூங்கவில்லை. நானும்.

ஆகஸ்ட் 14, புதன்

பாதி இரவில் பிடுங்கி எறிந்துவிட்டாள். "மூச்சுக்கு மூஞ்சியைக் கட்டோணுமுங்களா? எனக்கு வேண்டாம். வேன வித்துப்போடலாம்" என்றாள். காலையில் அவளே கவசத்தை வெந்நீரில் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பகலிலேயே மாட்டிப் பழக வேண்டுமென்று அவளாக முடிவு செய்துவிட்டாள். கவசத்தோடு உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள், தையல் பிரிக்கிறாள். பேச முடியாது என்பதால் நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கிறேன். வெங்காய விலை வந்த இடத்தில் கையை ஆட்டி மறுபடி படிக்கச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் சர்க்கரை கேட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சாந்தாமணி கழற்றவில்லை. கவசத்தோடே எழுந்துபோய்ச் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆகஸ்ட் 21, புதன்

விடியும்வரை கழற்றவில்லை. வீடு அமைதியாக இருந்தது. நான் அடிக்கடி எழுந்து அவள் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் கட்டிலில் உட்கார்ந்து ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏனுங்க, எந்திரிக்கறப்ப உங்களுக்குத் தல வலிக்காதுங்களா?"

"இல்லையே."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்லை."

"எனக்கு இன்னைக்கு வலிக்கல. நேத்தும் வலிக்கல." தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்தாள். "எல்லாருமே தலவலியோடதான் எந்திரிக்கறாங்கன்னு நெனச்சிட்டிருந்தனுங்க. அதோடதான் வேலை பாக்கறாங்கன்னு."

அந்தத் தலைவலியோடுதான் இட்லி ஊற்றியிருக்கிறாள், சந்தில் வேனை எடுத்திருக்கிறாள், அக்காவுக்குக் காபி கொடுத்திருக்கிறாள், ஒவ்வொரு பிள்ளையையும் பெயர்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்து. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

டாக்டர் மெஷினில் பதிவானதைப் பார்த்தார், மறுபடி சோதித்தார், பகலில் தூக்கம் வருகிறதா என்று துருவித்துருவிக் கேட்டார். இனி ஓட்டலாம் என்றார். தினமும் மாட்டித்தான் படுக்க வேண்டும், மாட்டாத இரவுக்கு மறுநாள் வண்டி எடுக்கக் கூடாது. "மாட்டாம எனக்கே தூக்கம் வராதுங்க" என்றாள் சாந்தாமணி.

மறுபடி வீடுவீடாகப் போனோம். பலர் சரி என்றார்கள். வேறு வேனில் சேர்த்துவிட்டவர்களும் உண்டு. துரைசாமி கடையில் தராசைத் துடைத்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்

பாப்பாத்தியக்காவுக்குக் காய்ச்சல். பிள்ளைகளை ஏற்றி இறக்க நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். காய்ச்சல் வருவதற்கு முன்பே லீவு சொல்லியிருந்தேன் என்பது சாந்தாமணிக்குத் தெரியாது.

சந்தில் பின்னால் எடுத்தாள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து தலையாட்டினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றினேன். ஒரு குட்டி என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு தர மறுத்தது. மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் பின்னாலேயே வந்தது. துரைசாமி. பெண்ணை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, முந்தாமலும் பின்தங்காமலும் வந்தார். சாந்தாமணி கண்ணாடியில் பார்த்தாள். வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். அவளைக் கண்காணிக்க என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. ரோடு, பக்கவாட்டு, பிள்ளைகள், மறுபடி ரோடு. இவ்வளவு விழிப்பான கண்களை நான் பார்த்ததில்லை. வாய்க்கால் பாலம் வரை பார்த்தது நினைவிருக்கிறது.

பிள்ளைகளின் சிரிப்பில்தான் விழித்தேன். வேன் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தது. ஒருவன் மூக்கைச் சுருக்கி, கர்ர்ர் என்று இழுத்துக் காட்டினான். மற்றவர்கள் விழுந்துவிழுந்து சிரித்தார்கள்.

"சத்தம் போடாதீங்க கண்ணுகளா" என்றாள் சாந்தாமணி. "மாமா தூங்கட்டும். ரொம்ப நாளாத் தூங்கல அவரு."

ஜன்னலுக்கு வெளியே துரைசாமி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"ஊட்டுக்காரரே இந்த வண்டில இப்படித் தூங்கறாரு" என்றார். "சரி. நாளைக்கு என்ற புள்ளையும் வரும். எத்தன மணிக்கு வருவீங்க?"

சாந்தாமணி நேரம் சொன்னாள். அவர் பெண்ணைக் கைபிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

வரும்போது காலியான வேனில் முன்சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன்.

"நான் எப்பயிருந்து கொறட்டை விடறேன்?"

"எனக்கெப்படீங்க தெரியும்? நான் போட்ட சத்தத்துல உங்க சத்தம் எங்க கேட்டுருக்கும்?" கியரை மாற்றினாள். "இப்பத்தான் ரெண்டு வாரமாக் கேக்கறேன்."

"சொல்லியிருக்கலாமே."

"அதெல்லாம் ஒரு விசயமுங்களா" என்றாள் சாந்தாமணி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.